எதிர் நாற்காலி

மாலை வெயில் நீள மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. கணவன் மனைவி கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்த்துப் பிரிவதற்கு உதவுகிற வக்கீல்களும் ஆலோசகர்களும் சேர்ந்து நடத்தும் சங்கம் இது. இன்று உறுப்பினராகச் சேர வந்திருக்கும் குழந்தைகள் மனநல ஆலோசகர், கால் பழகிய வழியில் நேராகப் போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். மூன்று வருடத்துக்கு முன் கணவனைப் பிரிந்தபோது ஐந்து நாள் அவள் உட்கார்ந்தது அங்கேதான். “அது வர்றவங்க நாற்காலிம்மா. நீங்க இனிமே இந்தப் பக்கம்” என்று தன்னருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறார் வழுக்கைத்தலை வக்கீல். அன்று கணவனுக்காகப் பேச வந்தவர். அவள் குரல் உடைந்தபோது பேச்சை நிறுத்தாமலேயே டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தியவர். இன்று அவளை முன்மொழிந்திருப்பவரும் அவர்தான். “உங்களுக்கு மறுபேச்சு பேசியே அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டிருச்சு. நல்லவேளை, இப்ப ஒரே கட்சி ஆயிட்டோம்!” அவள் சிரிக்கிறாள். கைபேசி மினுங்குகிறது. பிரிந்த கணவன்தான்: “சேந்தாச்சா? பாப்பா இங்க ஹோம்வொர்க் எழுதிட்டிருக்கா. நிதானமா வா.” இரண்டு முறை படிக்கிறாள். படிவத்தில் ஒரு கேள்விதான் மிச்சம்: சங்கத்தைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? ‘எதிரே உட்கார்ந்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். பிறகு, கையருகே இருக்கும் டிஷ்யூ பெட்டியை, காலியாகக் கிடக்கும் ஜன்னலோர நாற்காலிக்கு எட்டும்படி மெல்லத் தள்ளி வைக்கிறாள்.