முதுகில் முளைப்பாரி

பெனிட்டாவின் முதுகில் நவதானியம் முளைத்திருந்தது. ஈரச் சாக்கைச் சட்டையாகத் தைத்து, விதை தூவி, இரவும் பகலும் கழற்றாமல் வளர்த்திருந்தாள். முளையிலிருந்து ஒரு ஒயர் ஸ்பீக்கருக்குப் போனது. அவளுடைய இதயத் துடிப்பை வேர்கள் வாங்கிப் பாடும் என்று கண்காட்சிச் சுவரில் எழுதியிருந்தது. காலையிலிருந்து அந்த ஸ்பீக்கர் மூச்சுவிடவில்லை. செடியும் மெஷினும் உடம்பும் ஒன்றுதான் என்று ஊர் ஊராகப் பேசியவளுக்கு வாய்த்த மெஷினின் லட்சணம் இது. ஈரச் சாக்கில் குளிரெடுத்து, ஏசியைக் குறைக்கச் சொல்லிக் கத்தியதில் தொண்டை வறண்டதுதான் மிச்சம். வந்தவனெல்லாம் முளையைக் கிள்ளிப் பார்த்து, "ஒரிஜினலா?" என்றான்.

மதியம், வெயிலுக்கு ஒதுங்கிய நாலு பெண்கள் உள்ளே வந்தார்கள். அவள் முதுகைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்கள். ஒருத்தி குலவையிட்டாள்.

"அக்கா, இது சாமி காரியம் இல்லக்கா. ஆர்ட்டு," என்றாள் பெனிட்டா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருக்கட்டும் தாயி. முளைப்பாரிய எங்க கரைக்கப் போற?"

"கரைக்கல்லாம் மாட்டேன். சாயங்காலம் கழட்டித் தூரப் போட்டுருவேன்."

"வளத்ததத் தண்ணியில விடாம தூரப் போடுவாகளா?"

எரிச்சலில் அப்போதே கழற்றிக் காட்டப் போனாள். சாக்கு வரவில்லை. இழுத்தபோது முதுகுத் தோலும் சேர்ந்து எழும்பியது. வேர் உள்ளே இறங்கியிருந்தது. ஸ்பீக்கர் முதன்முறையாகத் 'தக்' என்றது. பிறகு நிற்காமல் அடித்தது.

சாக்கின் நுனியை மெல்ல விட்டாள் பெனிட்டா.

"சரி, இந்த ஊர்ல எந்தக் குளத்துல தண்ணி இருக்கு?"

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.