பெருக்காத ஹால்

"சீச்சீ! இதெல்லாம் ஒரு வீடா?"

கம்ப்யூட்டர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள் தங்கமாரி.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வீட்டு புரோக்கர் ஜெபகுமாரின் கடை. டிஜிட்டல் கேமரா வாங்கிய புதிது அவருக்கு. விற்பனைக்கு வந்த வீட்டையெல்லாம் படம் பிடித்து வைத்திருந்தார். மற்ற வீடுகள் பெண் பார்க்க வரும் நாள் மாதிரி ஜோடித்துக்கொண்டு நின்றன. இது ஒன்றுதான் அலங்கோலம்.

ஹாலின் நடுவே உருவிப் போட்ட லுங்கி. தரையில் ஒரு டம்ளர். விரித்தபடி செய்தித்தாள், ஷேவிங் செட், சுருட்டாத பாய். எல்லாவற்றின் மேலும் தூசி.

"அண்ணாச்சி, படம் எடுக்கும்போதாவது கூட்டிப் பெருக்கியிருக்கலாம்லா?"

"சொல்லிப் பாத்துட்டேன்மா. அந்தம்மா ஒத்துக்கல. இந்த போட்டோவப் பாத்துட்டு ஒருத்தரும் நேர்ல வர மாட்றாங்கோ. பிள்ளைப்பாக்கத்துல அப்படி ஒரு வூடு கெடைக்காது. இன்னா பண்றது சொல்லு."

தங்கமாரியின் கணவன் மாரிசெல்வத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து ஒற்றை ரூமில் வாடகைக் குடித்தனம். யாரும் வாங்க வரவில்லை என்றதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்ப குறைச்சுக் கேக்கலாம். ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்."

"நான் வரல. வீடு கெடக்க கெடையப் பாருங்க. பொம்பளையா அவ?"

மாரிசெல்வம் சிரித்தான். "இவ இப்படித்தான் அண்ணாச்சி. காலையில என் கம்பெனி பஸ் போய்ச் சேர்ற வரைக்கும்தான் பொறுத்துருப்பா. அப்புறம் வெளக்குமாத்தை எடுத்தான்னா எறும்புக்குக்கூட வீட்டுல எடமில்ல."

ஒருவழியாக அவளைச் சமாதானம் செய்து அழைத்துப் போனார்கள்.

போனால், வாசலில் பளிச்சென்று கோலம். வீட்டுக்காரி கோவிந்தம்மா குளித்து, குங்குமம் வைத்து, துவைத்த புடவையில் நின்றாள். சமையல்கட்டில் பாத்திரமெல்லாம் மின்னியது.

ஹால் மட்டும் போட்டோவில் பார்த்தபடியே கிடந்தது. அங்கே தூசியில்லாமல் இருந்தது மூலையிலிருந்த டெலிபோன் ஒன்றுதான்.

தங்கமாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாயும் சும்மா இருக்கவில்லை.

"எக்கா, விக்கிற வீட்டை இப்படியா போட்டு வைப்பாவ? இந்த டம்ளரையாவது எடுத்துக் கழுவக் கூடாதா?" என்று குனிந்து கையை நீட்டினாள்.

"தொடாதே!"

அந்த அலறலில் தங்கமாரி நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வாசலில் நின்ற ஆண்கள் இருவரும் உள்ளே ஓடி வந்தார்கள்.

கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. அது எங்க வூட்டுக்காரரு டீ குடிச்ச டம்ளரு. புது காருங்கள ஏத்திகினு போற டிரெய்லர் ஓட்றாரு. அசாமுக்கு லோடுன்னு அவசரமா கெளம்பினாரு. போய்ச் சேந்ததும் போன் பண்றேன்னாரு. ஊருக்குப் போனவங்க போய்ச் சேர்றதுக்குள்ள வூட்டப் பெருக்கலாமா? போன் வரட்டும்னு அப்படியே வுட்டுட்டேன்."

"எப்பம்க்கா போனாவ?"

"பொங்கல் முடிஞ்ச மறுநாளு."

அப்போது ஆடி மாதம். தங்கமாரி மாதங்களை எண்ணிப் பார்த்தாள். "இந்தப் பொங்கலாக்கா?"

"இல்லம்மா. அதுக்கு முந்தின பொங்கலு."

கோவிந்தம்மா அந்த டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வண்டி கெடச்சிடுச்சி. ஆளு கெடைக்கல. காரியம் பண்ணிடுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்கோ. நான் மாட்டேன். என் பேர்ல இருக்கிற இந்த வூட்ட வித்துட்டு நானே போய்த் தேடப் போறேன். பெருக்கினாத்தான் வூடு விக்குமாம். பெருக்கினா..."

"இத எங்கிட்ட சொல்லவே இல்லியேம்மா?" என்றார் ஜெபகுமார்.

"நீ எங்கப்பா கேட்டே? பெருக்கு பெருக்குன்னுதானே சொன்னே."

பொம்பளையா அவ என்று கேட்டவளுக்கு வெட்கத்தில் உயிரே போனது. மாரிசெல்வம் குறைத்துக் கேட்கவில்லை. கோவிந்தம்மா சொன்ன விலைக்கே பேச்சு முடிந்தது.

வடக்கே ரயிலேறப் போகும் அன்று கோவிந்தம்மா சாவியைக் கொடுத்தாள்.

"அந்த போன மட்டும் எடுத்துடாதம்மா. அவருக்கு இந்த நம்பர்தான் தெரியும். நானும் போய்ச் சேந்ததும் இதுக்கே பண்றேன். மத்தபடி இனிமே உன் வூடு. நல்லா பெருக்கிக்கோ."

ஆவணியில் பால் காய்ச்சிக் குடி வந்தார்கள்.

தீபாவளி நெருங்கும்போது, தம்பி வாங்கிய வீட்டைப் பார்க்க மாரிசெல்வத்தின் அக்கா நாச்சியார், சொந்த ஊரிலிருந்து வந்தாள். ஆசை ஆசையாக உள்ளே நுழைந்தவள், ஹாலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். லுங்கி, டம்ளர், செய்தித்தாள், தூசி.

"என்னட்டி இது? குடி வந்து இம்புட்டு நாளாச்சு, இன்னும் இதைப் பெருக்காமலா வச்சிருக்கே? பொம்பளையா நீ?"

தங்கமாரி கோபப்படவில்லை. மூலையிலிருந்த டெலிபோனை முந்தானையால் துடைத்தாள்.

"பெருக்கணும் மதினி. அந்த அக்கா போய்ச் சேந்துட்டேன்னு இன்னும் போன் பண்ணல."