ஒரே வாசல் உள்ள வீடு

"அடுத்தடுத்து நாலு ரூமெல்லாம் வேண்டாங்க. ஒரே வாசல் இருக்கிற வீடா காட்டுங்க," என்றார் அந்தம்மா.

ரிசார்ட்டின் முன்பதிவு மேலாளர் புன்னகைத்தார். கேளிக்கைப் பூங்காவுக்கு வருகிறவர்களுக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுத்தே பழுத்தவர் அவர். ஒரு குடும்பம் வண்டியை விட்டு இறங்கும்போதே அதன் லட்சணத்தைக் கணித்துவிடுவார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஜோசியர்.

இவர்களையும் பார்த்த மாத்திரத்தில் கணித்தாயிற்று. அம்மா சொல்வதுதான் சட்டம். ஐயா தலையாட்டுகிற ரகம். ஏழு பிள்ளைகள் என்கிறார்கள், அப்படியானால் கல்யாணமாகி ஒரு மாமாங்கத்துக்கு மேலேயே ஆகியிருக்கும்.

இருவரையும் பேட்டரி வண்டியில் ஏற்றி, ஏரிக்கரையில் இருந்த மாடி வீட்டுக்கு அழைத்துப் போனார். எதிரே ராட்சத ராட்டினம் ஆளில்லாமல் சோதனைக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எங்ககிட்ட இருக்கிறதிலேயே பெரிசு இதுதான் மேடம். மேல இருக்கிற பெரிய ரூமை நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கலாம். பால்கனியில உக்காந்தா ஏரி முழுசும் தெரியும். பசங்க தொந்தரவே இருக்காது."

"தொந்தரவு வேணும்னுதாங்க வர்றோம்," என்று சிரித்தார் அந்தம்மா. "மேல் ரூம் இவருக்கு. பக்கத்து ரூம்ல பையன்கள் நாலு பேர். கீழ பொண்ணுங்க மூணு பேரோட நான் படுத்துக்கிறேன்."

கூட வந்தவர் தலையாட்டினார். ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகு ஏரியாவது, பால்கனியாவது என்று ஜோசியர் நினைத்துக்கொண்டார்.

பையன்கள் அறையில் இரண்டு அடுக்குக் கட்டில்கள் கிடந்தன. அந்தம்மா ஏணியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"சின்னவன் தூக்கத்துல உருளுவானா?" என்று கூட வந்தவரைக் கேட்டார்.

"உருளுவானாவா? தலகாணி ஒரு மூலையில கிடக்கும், அவன் ஒரு மூலையில கிடப்பான். கீழ் தட்டுதான் அவனுக்கு."

"அப்போ அவனுக்கு மேல இரட்டையில ஒருத்தன். அந்தக் கட்டில்ல மேல பெரியவன், கீழ இரட்டையில இன்னொருத்தன்."

"இரட்டைப் பிள்ளைங்களைப் பிரிக்கிறீங்களே மேடம்? சேர்ந்து படுக்கத்தானே கேப்பாங்க?" என்றார் ஜோசியர்.

"கேப்பாங்க. அதனாலதான் பிரிக்கிறேன்."

கூட வந்தவர் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "பெரியவளுக்குத் தனி பாத்ரூம் வேணும்னு சொன்னீங்களே, கீழ இருக்கிறது போதுமா?"

"போதும். உள்ள போனான்னா வெளிய வர ஒரு யுகம் ஆகும். மத்த ரெண்டும் வாசல்ல நின்னு கதவைத் தட்டட்டும்."

பெண்டாட்டியை 'நீங்க' என்று கூப்பிடுகிற மனிதரை ஜோசியர் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறார். அதைவிட அபூர்வம், பாதிப் பிள்ளைகளின் சங்கதி அம்மாவுக்கும், மீதிப் பாதியின் சங்கதி அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டு வளர்க்கிறார்கள் போல. நல்ல நிர்வாகம். தன் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அதையும் 'உன் பிள்ளை, உன் பிள்ளை' என்று இருவரும் மாற்றி மாற்றித் தள்ளிவிடுவதை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு வட்ட மேஜைகள் போட்டிருந்தார்கள். அந்தம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"இதை எடுத்துட்டு நீளமா ஒரே மேஜையா போட்டுக் கொடுங்க. ரெண்டு மேஜைன்னா ரெண்டு கட்சி ஆயிடும்."

"போட்டுடலாம் மேடம். டிவி மட்டும் கூடத்துல ஒண்ணுதான் இருக்கு. மாடிக்கு இன்னொண்ணு வைக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். ரிமோட்டுக்கு அடிச்சுக்கட்டும். அடிச்சுக்கிட்டாதான் பேச்சு வரும்."

கூட வந்தவர் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்தார். வந்ததிலிருந்து முதல்முறையாக அவர் முகம் சுருங்கியது. "சரியா வருமா?" என்றார் மெதுவாக.

"ராட்டினச் சத்தம் வீட்டுக்குள்ள கேக்காது சார்," என்று முந்திக்கொண்டார் ஜோசியர்.

அந்தம்மா அதைக் காதில் வாங்கவில்லை. கூட வந்தவரைப் பார்த்து, "வரும். எனக்கு நம்பிக்கை இருக்கு," என்றார். அவர் முகம் தெளிந்தது. ஜோசியருக்கே ஒரு நிமிடம் பொறாமையாக இருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும், "வீட்டை உங்களுக்கே வச்சிடறேன்," என்றார் ஜோசியர். "எங்க வேனை அனுப்பவா சார்? ஒன்பது பேர் தாராளமா உக்காரலாம்."

"ஒரு வேன் சரிப்படாதுங்க. ரெண்டு வண்டியா அனுப்புங்க, ரெண்டு இடத்துக்கு," என்றார் அவர்.

"எதுக்கு சார்? ஒரே வீட்டு ஆளுங்க, ஒண்ணா பாடிக்கிட்டே வரலாமே?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரே வீட்டு ஆளுங்க இனிமேதாங்க ஆகணும்," என்றார் அந்தம்மா. "இவர் பிள்ளைங்க நாலும் என் பிள்ளைங்க மூணும் இங்க வந்துதான் முதல்முறையா ஒருத்தரை ஒருத்தர் பார்க்கப் போகுதுங்க. ஏழும் சரின்னு சொன்னாத்தான் எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம்."