கண்ணில் உசிர்

"அண்ணாச்சி, லேசா நிறம் குடுத்தாப் போதும். ரொம்பத் தொட வேண்டாம்" என்றான் போட்டோக்காரன் திரவியம்.

பகவதிப்பெருமாள் நிமிரவில்லை. 'கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டாக் கலை வந்துருமா வே?' என்று இதே கடை வாசலில் நின்று கேலி பேசியவர் அவர். எத்தனை வீட்டுக் கூடங்களில் அவர் வரைந்த எண்ணெய்ச்சாயப் படம் தொங்குகிறது என்று அவருக்கே நினைவில்லை. இரண்டு வருஷமாக ஒருவரும் கூப்பிடவில்லை. இன்று முதல் இங்கே, போட்டோக்களுக்குச் சாயம் பூசும் உத்தியோகம். சாலைக் கடைத்தெருவில் தெரிந்த முகம் தென்பட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் படம், வலியசாலை சிவகாமியம்மாளின் காலஞ்சென்ற கணவர். மங்கலான இடுப்பளவுப் படம். மறுநாள் திவசத்துக்கு வேண்டுமாம்.

"என்ன வே இது? கண்ணுல உசிரே இல்ல. கையப் பாரும், அகப்பை மாதிரி. மெஷினுக்கு மனுசனத் தெரியுமா?"

திரவியம் தயங்கினான். "பழைய பிளேட்டு, அண்ணாச்சி. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"எப்படி இருக்கும்? என் கைபட்ட படம் இந்த லட்சணத்துல வெளிய போகாது!"

அந்த வீம்பு ஒன்றுதான் அவரிடம் மிச்சம். கண்ணில் ஒரு புள்ளி வெள்ளை வைத்தார். விரல்களைத் திருத்தினார்.

சாயங்காலம் சிவகாமியம்மாள் வந்தாள். படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொள்ளாம், நல்லாருக்கு! கண்ணு அவரேதான்."

அன்று முதல்முறையாகப் பகவதிப்பெருமாள் தலைநிமிர்ந்தார். "கேமரா பண்ணின தப்பையெல்லாம் நாந்தான் சரியாக்கினேன், அம்மா."

"கேமராவா? அது என்ன செய்யும், பாவம்! எங்க கூடத்துல இருபது வருஷம் தொங்கின சாயப்படமாக்கும். கரையான் அரிச்சதும் திரவியம்தான் போட்டோ பிடிச்சு வச்சார். அந்தச் சாயப்படத்துக் கண்ணு எங்க வீட்டுக்காரருக்குக் கடைசிவரை பிடிக்கல. வரைஞ்சவர் மனசு நோகும்னு சொல்லாமயே போயிட்டார்."

பகவதிப்பெருமாள் திரவியத்தைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மேசையிலிருந்த, அந்தப் போட்டோவின் நெகட்டிவான கண்ணாடிப் பிளேட்டை அவர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கீழ் மூலையை மறைத்துத் திரவியம் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தைப் பிய்த்தார்.

அங்கே, இடம் வலம் மாறி, அவருடைய கையெழுத்து.