எஃகு உருளையின் வயிற்றெரிச்சல்

ஸ்டீல் கிடார் கம்பிகள்மேல் வழுக்கிப் போகிற எஃகு உருளைக்குத் தாங்க முடியாத வயிற்றெரிச்சல். கையில் பளபளவென்று மின்னுவது அது. ஆனால் கச்சேரி கேட்டவர்களோ, "அந்த வால்யூம் பெடல்ல என்னமா சத்தத்தை ஏத்தி இறக்குறீங்க!" என்று கிடார் வாசிக்கும் ஜெபமணி மாஸ்டரின் காலைப் பார்த்துச் சொக்கிப்போனார்கள்.

"செருப்புக்குக் கீழே கிடக்கிறவனுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று உருளை பொருமியது. பெடல் தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மாஸ்டர் புதுப் பெடல் ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டையும் மாற்றி மாற்றி மிதித்துப் பார்த்தார். எதை வைத்துக்கொள்வது என்று அவருக்குக் குழப்பம். உருளைக்குக் குழப்பமே இல்லை. பழையதை மிதித்தபோது வேண்டுமென்றே சுருதி தப்பி நின்றது. புதியதை மிதித்தபோது வெண்ணெயாய் வழுக்கியது. புதியது விறைப்பாக இருந்ததையும், சத்தத்தைச் சட்டென்று இறக்காததையும் மாஸ்டர் கவனிக்கவில்லை. பழைய பெடல் பெட்டிக்குள் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண வரவேற்பு. உருளை கம்பிமேல் நகர்ந்ததும் 'கீச்' என்றது. மறுபடி நகர்ந்தது, மறுபடி 'கீச்'. மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார்.

மாஸ்டர் உருளையைத்தான் முறைத்தார். "தேஞ்சுபோச்சு, சனியன்" என்று அதைப் பெட்டிக்குள் வீசினார்.

உள்ளே பழைய பெடல் ஒதுங்கி இடம் விட்டது.

"நான் இதுக்கு முன்னாடி கீச்சிட்டதே இல்லையே!" என்றது உருளை, அழாத குறையாக.

"தினமும்தான் கீச்சிட்டே," என்றது பெடல். "அப்பல்லாம் நான் சத்தத்தை இறக்கி வாயை மூடிக்குவேன்."