கத்தி இல்லாத வீடு

திங்கட்கிழமை காய்கறிக் கத்தி காணாமப் போச்சு. செவ்வாய்க்கிழமை பழக் கத்தி. புதன்கிழமை மீன் வெட்டுற பெரிய கத்தி.

மூணு நாளும் வாசக்கதவு உள்பக்கமா பூட்டித்தான் இருந்தது. வாகட்ங்கிற இந்த மராட்டி ஊர்ல எங்க ஃப்ளாட் பதினோராவது மாடி. ஜன்னல் வழியா புறா வரலாம், கள்ளன் வர முடியாது.

நான் யாரைச் சந்தேகப்படுவேன்? பாத்திரம் தேய்க்க வர்ற மாவ்ஷியைத்தான், வேலைக்கு வர்ற அம்மாவை இங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க. தெரிஞ்ச இந்தியில நறுக்குன்னு கேட்டுட்டேன்.

"உங்க கத்தியை வச்சு நான் என்ன தீதி பண்ணப்போறேன்?"ன்னு அழுதுகிட்டே போயிருச்சு.

மறுநாள் கத்தரிக்கோல் போச்சு. அன்னைக்கு மாவ்ஷி வரவே இல்லை, அப்புறம் யாரு எடுத்தது? மாவ்ஷிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன், வேலைக்கு வரச்சொன்னேன்.

"மாட்டேன் தீதி. உங்க வீட்ல வேற என்னமோ இருக்கு"ன்னு போனை வச்சிருச்சு.

வெள்ளிக்கிழமை காலையில தீப்பெட்டியும் இல்லை, கேஸ் லைட்டரும் இல்லை. பால்கனிக்குப் போனா துணி காயப்போடுற நைலான் கயிறைக் காணோம். அதுல கிடந்த துணியெல்லாம் தரையில இருந்தது. ஒண்ணு ஒண்ணா, ஒழுங்கா மடிச்சு அடுக்கியிருந்தது. களவு போனதுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படலை. அந்த மடிப்பைப் பாத்ததும் பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

என் வீட்டுக்காரர் செல்வினுக்குச் சந்தேகமே இல்லை.

"பிசாசு. போன ஞாயிறு சபையில நான் வேதத்துக்காக எழும்பிப் பேசினேன்ல, அதான் எதுத்து வருது."

எழும்பிப் பேசினது உண்மைதான். எங்க தமிழ்ச் சபையில தினேஷ் பிரதர் அன்னைக்குப் பிரசங்கம். "வேதத்துல சில சம்பவங்களை, நடந்துச்சா இல்லையான்னு கேக்கறதைவிட, அது நமக்கு என்ன சொல்லுதுன்னு கேக்கலாமே"ன்னார். இவருக்கு வந்துச்சே கோபம்! போய் மைக்கை வாங்கி, "ஒரு எழுத்துகூடக் கதை இல்லை! எழுதியிருக்கிறபடியேதான் நடந்துச்சு!"ன்னு கால்மணி நேரம் முழங்கினார். தினேஷ் பிரதர் தன் இடத்துல போய் உக்காந்துட்டார். எனக்குப் பெருமைதான், ஏன் பொய் சொல்லணும்.

எங்க மக கெசியாவுக்கு எட்டு வயசு. வாய் ஓயாது அவளுக்கு. ஆனா இந்த ஒரு வாரமா பேச்சே இல்லை. சாப்பிடும்போது அவ அப்பா கையையே பாத்துக்கிட்டு இருக்கா. ரூம் கதவைச் சாத்தி, உள்ளே நாற்காலியை வேற முட்டுக் குடுத்து வச்சுக்கிறா.

"பாத்தியா, பிள்ளையையும் தொட்டிருச்சு"ன்னார் இவர். "நாளைக்கு பாணேர் குன்று மேல போய் ஜெபிச்சுட்டு வாரோம். நானும் அவளும் மட்டும்."

சனிக்கிழமை காலையில இவர் கிளம்பி நின்னார்.

"கெசியா, ஷூவைப் போடு. மலைக்குப் போவோம்."

அவ ரூம் வாசலை விட்டு நகரலை.

"அப்பா... வுட் யாரு தூக்கணும்? நானா?"

"என்ன வுட்டு?"

"நான் தூக்க மாட்டேன்ப்பா."

அவ்வளவு மெதுவா சொன்னா. என் வயித்துல பிறந்த பிள்ளையோட குரல் மாதிரியே இல்லை. இவருக்கு முகம் வெளுத்துப் போச்சு. இயேசுவின் நாமத்துலன்னு ஆரம்பிச்சு, அவ தலையில கை வைக்கப் போனார்.

வீல்னு கத்தினா பாருங்க! ஒரே ஓட்டமா ஓடி கட்டிலுக்கு அடியில புகுந்துட்டா. அவளை இழுக்கக் குனிஞ்ச என் கையில பழைய ஸ்கூல் பை ஒண்ணு தட்டுச்சு. கனமா இருந்தது. திறந்தேன்.

மூணு கத்தி. ஒவ்வொண்ணையும் அவளோட வெள்ளை சாக்ஸ்ல சொருகி வச்சிருந்தா. கத்தரிக்கோல், தீப்பெட்டி, லைட்டர், சுருட்டின கயிறு எல்லாமே அதுக்குள்ள இருந்தது.

"ஏட்டி, இதையெல்லாம் எதுக்கு எடுத்தே?"

கட்டிலுக்கு அடியிலேர்ந்து குரல் மட்டும் வந்தது.

"அப்பா சர்ச்ல மைக்ல சொன்னாங்கல்ல. ஆபிரகாம் அவங்க பையன் ஈசாக்கை மலை மேல கட்டி வச்சு, வெட்டிப் பலி குடுக்கப் போன மாதிரி, காட் கேட்டா கெசியாவையும் குடுத்துருவேன்னு. ஃபயர் போட ஈசாக்தானே வுட் தூக்கிட்டுப் போனான்?"

இவர் என் கையிலேர்ந்து பையை வாங்கி உள்ளே பாத்தார்.

"நைஃப் இல்லன்னா முடியாதுல்ல அம்மா? ரோப்பும் ஃபயரும் இல்லன்னா?"

இவர் அப்படியே தரையில உக்காந்துட்டார். கட்டிலுக்கு அடியில ரெண்டு கையையும் நீட்டினார்.

"அது கதைம்மா. வெறும் கதை. யாரும் கேக்க மாட்டாங்கம்மா. யாரு கேட்டாலும் அப்பா குடுக்க மாட்டேன். அப்பா சொன்னது தப்பு."

தேம்பித் தேம்பி அழுதார். கல்யாணமாகி பத்து வருசத்துல இந்த மனுசன் அழுது நான் பாத்ததில்லை. கொஞ்ச நேரம் கழிச்சு அவ மெதுவா ஊர்ந்து வந்து அவர் மடியில ஏறிக்கிட்டா.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

"உங்க வாய் இருக்கே! பெத்த பிள்ளையை வச்சுகிட்டு பேசுற பேச்சா அது? ஒரு வாரமா என் பிள்ளை செத்துப் பிழைச்சிருக்கா. நீ வாடி தங்கம், அம்மாகிட்ட வா."

கையை நீட்டினேன். அவ அப்பா சட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அவர் முதுகுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிட்டா.

"அம்மா வேண்டாம்ப்பா. நீங்க அதைச் சொன்னப்போ, அம்மாதான் ஃபர்ஸ்ட்டா 'ஆமென்' சொன்னாங்க."