கடல் பார்த்த முகம்

ஊர் மன்றத்தின் கூரையை இறக்கியாயிற்று. ஆம்ப்ரோஸ் காட்போல்ட் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

செல்மியர் நகரத் தலைவரின் நாற்காலி அது. அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதில் உட்கார்ந்துதான் ஊருக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். மன்றத்தை இங்கிருந்து ஓர் அடி நகர்த்தினாலும் அது மன்றமில்லை, அப்புறம் இந்த ஊரும் ஊரில்லை என்று இரண்டு வருடமாகத் தொண்டை வற்றக் கத்தியிருந்தார்.

கடல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன குளிர்காலத்தில் மீன் சந்தையை விழுங்கியது. இந்த வசந்தத்தில் மன்றத்து வாசற்படிவரை வந்துவிட்டது.

ஊர் கூடிக் கை தூக்கியது. மன்றத்தை மரம் மரமாகப் பிரித்து, கடலை விட்டுத் தள்ளி மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவது என்று ஒரே ஒரு கை வித்தியாசத்தில் முடிவானது. அந்த ஒரு கை தச்சன் கில்பர்ட்டுடையது என்பது ஆம்ப்ரோஸின் தீராத சந்தேகம்.

"என்னை உள்ள வெச்சுக்கிட்டே பிரிங்கடா, பாக்கலாம்" என்று காலையில் வந்து உட்கார்ந்தவர்தான்.

அப்படியே பிரித்தார்கள். தலைவர் மேல் ஓடு விழாமல் பார்த்துக்கொண்டார்கள். தூசி விழுந்ததற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

மனைவி தாமசின் ரொட்டியும் பீரும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"அடுத்த நடை வண்டியில உங்களையும் ஏத்திடச் சொல்றேன். உத்தரத்தோட உத்தரமா போய்ச் சேருங்க."

அவர் ரொட்டியைத் தொடவில்லை. கோபமில்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வாழ்நாளெல்லாம் அந்த மன்றத்தில் உட்கார்ந்தவர், அது எப்படி நிற்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. கில்பர்ட் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியால் தட்டினான். கட்டைவிரல் கனத்தில் ஒரு மர முளை நழுவி வந்தது. ஊரே தொங்கினாலும் அசையாத உத்தரம், தன் பிடியைத் தானே விட்டுக் கயிற்றில் சாதுவாக இறங்கியது.

எதையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. கட்டியவர்கள் கழற்றவும் வழி வைத்தே கட்டியிருந்தார்கள்.

ஆம்ப்ரோஸுக்கு உடம்பு சிலிர்த்தது. கோபப்படுவதற்கென்றே வந்து உட்கார்ந்த இடத்தில் இப்படி வியப்பு வந்து தொலைத்ததே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மதியத்துக்குள் சுவர்கள் போயின. நாற்காலியைச் சுற்றி வெறும் வானம். காற்று அவர் தாடியைப் பிடித்து இழுத்தது. முதுகுக்குப் பின்னால் கயிறு கட்டி நிறுத்தியிருந்த ஒரு தூண் மட்டும் மிச்சம். ஒரு முழு ஓக் மரம் அது.

கில்பர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, இது ஒண்ணுதான் பாக்கி. கொஞ்சம் எந்திரிங்க."

"மாட்டேன். எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கு. விட்டுட்டுப் போனா அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

 கில்பர்ட் வாதம் பண்ணாமல் தூணுக்குப் பின்பக்கம் போனான்.

எந்தத் தூணைக் கழற்றும் முன்னாலும் அதன் கடல் பார்த்த முகத்தில் அலைபோல ஒரு கோடு வெட்டிவிடுவார்கள். மறுபடி நிறுத்தும்போது திசை மாறிவிடக் கூடாதே. இந்தத் தூணில் தலைமுறை தலைமுறையாகப் பூசிய சுண்ணாம்பு தடித்துப் போயிருந்தது. கில்பர்ட் உளியால் சுரண்டத் தொடங்கினான்.

திடீரென்று சுரண்டும் சத்தம் நின்றுவிட்டது.

"என்னடா, தூங்கிட்டியா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"ஐயா... வந்து பாருங்க."

அந்தக் குரலைக் கேட்டு அவர் தன்னையறியாமல் எழுந்து சுற்றி வந்தார்.

சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் ஏற்கெனவே ஓர் அலைக்கோடு இருந்தது. கில்பர்ட்டின் உளி போட்டதல்ல. கரிபோலக் கறுத்து, விளிம்பு மழுங்கியிருந்தது.

"பிரிக்கும்போது மட்டுந்தான் இந்தக் கோட்டை வெட்டுவோம்" என்றான் கில்பர்ட்.

ஆம்ப்ரோஸ் மண்டியிட்டு, கீழே இருந்த சுண்ணாம்பை நகத்தால் பெயர்த்தார். அங்கே இன்னொரு கோடு. அது அதற்கும் பழையது. கண்ணுக்குப் பிடிபடவில்லை, விரலுக்கு மட்டும் தெரிந்தது.

"அப்போ இதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை பிரிச்சிருக்காங்களா? அப்ப நம்ம ஊரு எங்கங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் தாமசின்.

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். கரையிலிருந்து வெகுதூரத்தில் ஹெர்ரிங் மீன் பிடிக்கும் படகு ஒன்று வலை இறக்கிக்கொண்டிருந்தது.

ஆம்ப்ரோஸ் தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டு, அந்தப் படகு இருந்த பக்கம் வெகுநேரம் தலைகுனிந்து நின்றார்.

பிறகு தச்சனிடம் திரும்பினார்.

"கில்பர்ட்டு, கொஞ்சம் ஓரமா வெட்டுப்பா. அடுத்து கழட்ட வர்றவனுக்கும் எடம் வேணும்."